மழைநீர் வடிப்பு வரைபடம் சரிபார்க்கப்படுவது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்வி வளாகங்களில் புதிய கட்டடம் எழும்பும்போதெல்லாம் அதன் முகப்பைப் பற்றியும், வகுப்பறைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் செய்தி வருகிறது. அந்தக் கட்டடத்தின் கூரையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் விழும் மழை எங்கே போகிறது, போகிற வழியில் எதையெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது என்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு. கட்டடப் பொறியாளனாகிய நான், வளாகங்களுக்கான மழைநீர் வடிகால், மழைநீரைத் தூய்மைப்படுத்தும் வடிப்பு அமைப்பு ஆகியவற்றின் வரைபடங்களைச் சரிபார்க்கும் குழுக்களில் பல ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். அந்தச் சரிபார்ப்பு நடக்க வேண்டிய வேளையில் நடப்பதில்லை. நடந்தாலும் தாளோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கவலையைச் சற்று விரிவாகவே எழுத இடம் தரும்படி வேண்டுகிறேன்.

வழக்கமாக நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடம் நிற்கப்போகும் இடம் முடிவாகிறது; தரைத்தளத்தின் மட்டம் முடிவாகிறது; வண்டிகள் நுழையும் பாதை, நிறுத்துமிடம், தீயணைப்பு வண்டி சுற்றிவரும் சாலை எல்லாம் வரைந்து முடிக்கப்படுகின்றன. அதன்பிறகு, மிச்சமாகக் கிடக்கும் நிலத்தில் மழைநீரைத் தூய்மைப்படுத்தும் அமைப்பை எங்காவது பொருத்தித் தரும்படி ஒருவரிடம் சொல்லப்படுகிறது. அப்படி மிஞ்சும் நிலம் பெரும்பாலும் சுற்றுச்சுவரை ஒட்டிய குறுகிய பட்டையாக இருக்கும். சில மனைகளில் அதுவே உயரமான பகுதியாகவும் இருக்கும். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அந்த மேட்டுக்குப் பச்சை வண்ணம் தீட்டி, ‘மழைத்தோட்டம்’ (மழைநீரைத் தேக்கி மண் வழியாக வடிக்கும் செடிப் பாத்தி) என்று பெயரெழுதி ஒப்புதலுக்கு வந்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் சரிபார்ப்பவரால் செய்யக்கூடியது சொற்பம். குழாயின் விட்டத்தைச் சற்றுக் கூட்டச் சொல்லலாம்; ஒரு பம்பைச் சேர்க்கச் சொல்லலாம். மின்சாரம் நின்றுபோகும் பெருமழை இரவில் அந்தப் பம்பு என்ன செய்யும் என்று கேட்டால், அதற்கு யாரிடமும் பதில் இருப்பதில்லை.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். கூரையும் சாலையும் நிறுத்துமிடமுமாகச் சேர்ந்து 4,000 சதுர மீட்டர் நிலத்தை மூடுகிற ஒரு வகுப்பறைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,00,000 லிட்டர், அதாவது 100 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. தரை நனைவதிலும் சிறு பள்ளங்களில் தங்குவதிலும் பத்தில் ஒரு பங்கு போனாலும் 90 கன மீட்டர் வழிந்தோடியாக வேண்டும். கட்டடம் வருவதற்கு முன், புல்லும் மரமுமாக இருந்த அதே நிலம் இந்த மழையில் பெரும்பகுதியைத் தானே குடித்திருக்கும்.

இந்த ஓட்டத்தைக் கணக்கிட நாங்கள் இன்றும் கையாளும் எளிய சூத்திரம், 1851-இல் அயர்லாந்துப் பொறியாளர் முல்வேனி முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. 1889-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரக் கழிவுநீர்க் கால்வாய்களை ஆராய்ந்த எமில் குய்ச்லிங் அதற்கு உருக்கொடுத்தார். மழையின் வேகம், நிலப்பரப்பு, வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் உச்ச ஓட்டம் கிடைத்துவிடும். வடிகாலின் அகலத்தை முடிவுசெய்ய அது போதும். தண்ணீரைத் தூய்மைப்படுத்தும் அமைப்புக்கு அது போதாது. வடிகாலிடம் நாம் எதிர்பார்ப்பது தண்ணீர் விரைவாகப் போய்விட வேண்டும் என்பது. வடிப்பு அமைப்பிடம் எதிர்பார்ப்பது தண்ணீர் தங்கிச் செல்ல வேண்டும் என்பது. ஒன்றுக்கான கணக்கை மற்றொன்றுக்கு அப்படியே தூக்கி வைப்பதுதான் வரைபடங்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருமழைக்கு வடிகாலை அளவிடுவது சரியே. ஆனால் ஓர் ஆண்டின் அழுக்கில் பெரும்பகுதியைச் சுமந்து செல்பவை அடிக்கடி பெய்யும் சிறு மழைகளும் நடுத்தர மழைகளும்தான். ஆகவே வடிப்பு அமைப்பை அந்த இடத்தின் நாள்மழைப் பதிவைப் பார்த்து அளவிட வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் என்று ஓர் அளவு புழங்குகிறது என்பதற்காக, மழையின் போக்கு முற்றிலும் வேறாக உள்ள இடத்திலும் அதே எண்ணை எழுதிவைப்பது வடிவமைப்பு ஆகாது.

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது என்று கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயமே. கூரையிலிருந்து தூசியும் பறவை எச்சமும் வருகின்றன. துத்தநாகம் பூசிய தகட்டுக் கூரையானால் துத்தநாகமும் கரைந்து வருகிறது. நிறுத்துமிடத்திலிருந்து எண்ணெய், பிரேக் தேய்மானத்தின் செம்பு, டயர் துகள் ஆகியவை வருகின்றன. டயர் ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் பொருளே அமெரிக்காவின் வடமேற்கு ஓடைகளில் முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் மீன்கள் செத்து மிதந்ததற்கான காரணம் நெடுங்காலம் புரியாமல் இருந்தது. என் மனத்தில் நின்றது அதைவிட இன்னொரு செய்தி: நஞ்சு இன்னதென்று தெரிவதற்கு முன்பே, அதே சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்படுகையின் வழியாக வடித்துவிட்டால் மீன்கள் பிழைத்துக்கொள்கின்றன என்பதைச் சோதனைகள் காட்டியிருந்தன. மண்படுகைக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு. அதனாலேயே, அதைத் தப்பாக வடிவமைத்துக் கெடுப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

வடிப்பு அமைப்புகளை விற்பவர்களின் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரைக்கடியில் புதைத்துவிடலாம், இடம் பிடிக்காது, மூடி மட்டும் மேலே தெரியும் என்று சொல்லி, தண்ணீரைச் சுழலவிட்டு மண்ணைப் பிரிக்கும் தொட்டிகளை முன்வைக்கிறார்கள். கட்டடக்கலைஞர்களுக்கு அது பிடித்துப்போய்விடுகிறது. பருமணலையும் மிதக்கும் குப்பையையும் அந்தத் தொட்டிகள் நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் உலோகமும் எண்ணெயும் பாஸ்பரசும் ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் மெல்லிய துகள்களில். அமைதியான நீரில் துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது என்பது 1851-இலேயே ஸ்டோக்ஸ் நிறுவிய விதி. பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகள் படிய நூறு மடங்கு நேரம் வேண்டும். சில நிமிடமே தண்ணீர் தங்கும் தொட்டியில் வண்டல் எப்படிப் படியும்? அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இத்தகைய சுழல் தொட்டிகளுக்கு நீரில் கலந்து வரும் நுண்திண்மங்களில் 50 விழுக்காட்டை நீக்குவதாகவே மதிப்பளிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு 80 விழுக்காடு நீங்கிவிடும் என்று அறிக்கையில் எழுதினால், எந்த அளவுள்ள துகளைக் கொண்டு, எவ்வளவு ஓட்டத்தில் சோதித்தீர்கள் என்று சரிபார்ப்பவர் கேட்டே ஆக வேண்டும். விழுக்காடு என்பதே ஏமாற்றக்கூடிய அளவுதான். சேறாக வரும் நீரில் 80 விழுக்காட்டை நீக்குவது எளிது. ஓரளவு தெளிந்து வரும் நீரில் அது கடினம். வெளியேறும் நீர் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். இத்தொட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்படுகைக்கு முன்னால் பருமணலைப் பிடித்துவைக்க அவை நல்ல காவல். அவற்றை மட்டுமே நம்பி நிற்பதுதான் தவறு.

மண்படுகையைப் பற்றிச் சற்று நெருங்கிப் பேசுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிரின்ஸ் ஜார்ஜஸ் என்னும் மாவட்டத்தில் உருப்பெற்ற இந்த முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மேலே செடிகள், அதன்கீழ் மணல் மிகுந்த கலவை மண், அதற்கும் கீழே ஜல்லி, ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் என்பது அதன் பொது அமைப்பு. முன்சொன்ன 90 கன மீட்டர் தண்ணீருக்கு 200 சதுர மீட்டர் பாத்தி ஒன்றை ஒருவர் வரைந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே 20 சென்டிமீட்டர் தேங்கினால் 40 கன மீட்டர்; 60 சென்டிமீட்டர் மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி என்றால் 24; 30 சென்டிமீட்டர் ஜல்லியில் ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி என்றால் இன்னொரு 24. கூட்டினால் 88. கணக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் நேற்றும் மழை பெய்திருந்தால், மண்ணிலுள்ள அந்த 24 கன மீட்டர் இன்று காலியாக இருக்குமா? பாத்தியின் அடிமண் மணிக்கு 10 மில்லிமீட்டர் நீரை உறிஞ்சும் என்றால் 200 சதுர மீட்டரில் மணிக்கு 2 கன மீட்டர் இறங்கும். முழுவதும் வடிய 44 மணி நேரம் ஆகும். ஏற்றுக்கொள்ளலாம். அதே மண் மணிக்கு 2 மில்லிமீட்டர்தான் உறிஞ்சுகிறது என்றால் மணிக்கு 0.4 கன மீட்டர். கீழே குழாய் வைக்காத பாத்தியில், மேலே தேங்கிய 40 கன மீட்டர் மட்டுமே மறைவதற்கு 100 மணி நேரம். நான்கு நாளைக்கு மேல் நிற்கும் தண்ணீரில் கொசு முட்டையிடும். நடுவில் இன்னொரு மழை பெய்து தேக்கம் நீண்டால் புழுக்கள் கொசுவாகியே பறக்கும். 72 மணி நேரத்துக்குள் மேற்பரப்புத் தண்ணீர் வற்ற வேண்டும் என்று வழிகாட்டிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். எனவே ஒட்டுமொத்தக் கணக்கும் மண் நீரை உறிஞ்சும் வேகம் என்ற ஒற்றை எண்ணின்மேல் நிற்கிறது. அந்த எண்ணை எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் அளந்தார்கள் என்று கேட்டால், கட்டட அடித்தளத்துக்காகத் துளையிட்ட அறிக்கையிலிருந்து மண்ணின் பெயரைப் பார்த்து ஊகித்தோம் என்று பதில் வருவதுண்டு. பாத்தி வரும் இடத்திலேயே, அதன் அடிமட்ட ஆழத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட குழிகளில் அளந்து, கிடைத்த வேகத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் பாத்தியின் அடிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டராவது இருக்க வேண்டும்.

கலவை மண்ணிலும் கவனம் வேண்டும். செடி செழிக்கட்டும் என்று மட்கிய உரத்தை அள்ளிக் கொட்டினால், முதல் சில ஆண்டுகள் அந்தப் பாத்தியிலிருந்து வெளியேறும் தண்ணீரில், உள்ளே வந்ததைவிட அதிகமான பாஸ்பரசும் நைட்ரஜனும் இருக்கும். ஏரியில் போய்ச் சேரும் நீரானால் பாஸ்பரசும், கடல்முகத்தில் சேரும் நீரானால் நைட்ரஜனும்தான் பாசியை வளர்க்கின்றன. எதில் போய்ச் சேர்கிறது என்று கேட்காமலே கலவையை முடிவுசெய்து வருகிறார்கள். ஆஸ்திரேலிய வழிகாட்டிகள் வடிப்பு மண்ணில் களியும் வண்டலும் சேர்ந்து எடையில் 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. ‘நல்ல தோட்டமண்’ என்று மட்டும் வரைபடத்தில் எழுதியிருந்தால், ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து கொட்டும் மண்ணில் அது எவ்வளவு இருக்கும் என்பதை யார் பார்ப்பது? மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்கும் பழக்கமும் இன்னும் போகவில்லை. சில மழைக்காலங்களில் அந்தத் துணியின் கண்கள் வண்டலால் அடைபட்டு, பாத்தி தொட்டியாகிவிடுகிறது. துணிக்குப் பதிலாகப் பருமணலும் சிறு கூழாங்கல்லுமாக ஓர் இடைப்படுகை போட்டால் போதும்.

இவை அனைத்தையும் சரியாகச் செய்த பிறகும் கெட்டுப்போன ஒரு பாத்தியை நான் அறிவேன். அதன் வரைபடத்தைச் சரிபார்த்த குழுவில் நானும் இருந்தேன் என்பதால் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஒரு கல்வி வளாகத்தின் புதிய ஆய்வகக் கட்டடம் அது. மண்ணை அளந்திருந்தார்கள், கலவையைக் குறித்திருந்தார்கள், மட்டங்களும் பொருந்தின. மனநிறைவோடு கையெழுத்திட்டேன். கட்டி முடித்து முதல் மழைக்காலத்தில், பாத்தியில் ஐந்து நாளாகத் தண்ணீர் நிற்கிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது செடிகளின் அடித்தண்டு கறுத்து, தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தண்ணீர் வற்றிய இடத்தில் வளாகப் பராமரிப்புத் தொழிலாளி ஒருவர் கடப்பாரையால் ஒரு குழி தோண்டிக் காட்டினார். மேலே இருந்த கலவை மண் கையோடு பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே கடப்பாரை ‘ணங்’ என்று நின்றது. சாம்பல் நிறத்தில், விரல்நகம் இறங்காத ஒரு படலம்.

“கட்டுற காலத்துல கம்பியெல்லாம் இங்கதாங்க ஐயா அடுக்கி வச்சிருந்தாங்க. கலவை மெசினைக் கழுவின தண்ணியும் இங்கதான் ஊத்துனாங்க. லாரி திரும்புறதும் இதே இடம்தான்” என்றார் அவர். நாங்கள் அளந்திருந்த மண் லாரிச் சக்கரத்தின் அடியில் இறுகி, சிமென்ட் பால் பாய்ந்து, வேறொரு பொருளாகவே மாறியிருந்தது. பாத்திக்குரிய இடத்தை வேலி போட்டுக் காக்க வேண்டும், வண்டி ஏறக்கூடாது, சுற்றிலும் உள்ள நிலத்தில் புல் பிடித்து மண் அரிப்பு நின்ற பிறகே பாத்தியைக் கடைசியாகத் தோண்ட வேண்டும் என்ற ஒரு குறிப்பு வரைபடத்தில் இல்லை. அது இல்லாததை நான் கவனிக்கவில்லை. இன்று என் மேசைக்கு வரும் எந்த வரைபடத்திலும் முதலில் அந்தக் குறிப்பைத்தான் தேடுகிறேன்.

அதே வளாகத்தில் இன்னொரு குறையும் அன்று கண்ணில் பட்டது. நிறுத்துமிடத்துத் தண்ணீர் பாத்திக்குள் புகுவதற்காக ஓரக்கல்லில் விட்டிருந்த திறப்புகளில் ஒன்றில், தளம் போட்டவர் திறப்பின் வாயில் இரண்டு விரல் உயரத்துக்குக் கான்கிரீட்டை வழித்து விட்டிருந்தார். அந்தத் திறப்பின் முன் தண்ணீர் வந்து முட்டி, வாட்டம் பார்த்துத் திரும்பி, கட்டடத்தின் வாசல் பக்கம் போனது. வரைபடத்தில் அந்தத் திறப்பு ஒரு சிறு கோடு. அதன் மட்டம் எழுதப்படவே இல்லை. தண்ணீர் உள்ளே விழும் இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் இறக்கம் விட்டால்தான் வண்டல் படிந்து வாய் மேடாகாமல் இருக்கும். திறப்புக்குத் திறப்பு மட்டத்தை எழுதி வாங்குவதும், தளம் போட்ட அன்றே ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் சரிபார்ப்பின் பகுதியே.

மட்டம் என்றதும் மிகைநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. கரை கட்டும்போதே கலிங்கு எங்கே என்று முடிவுசெய்த ஏரிகளைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஒரு சிறு பாத்திக்கும் அதே கேள்வி உண்டு. வழிந்தோடும் குழாயின் வாய் கட்டடத்தின் தரைமட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? அந்த வாயை ஒரு பிளாஸ்டிக் பை மூடிக்கொண்டால் தண்ணீர் அடுத்து எந்தப் பக்கம் போகும்? அடித்தள வண்டி நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவின் தலைப்பில் தண்ணீரை மறிக்க ஒரு மேடு இருக்கிறதா? இவற்றுக்கு வரைபடத்தில் விரல் வைத்துப் பதில் காட்ட முடியவில்லை என்றால், அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தும் தொட்டியையே வெள்ளத்தைத் தாங்கும் தொட்டியாகவும் காட்டுவது இன்னொரு வழக்கம். கோடைக்காக நிறைத்து வைத்த தொட்டியில் புதுமழைக்கு இடம் ஏது? இரண்டுக்கும் தனித்தனிக் கொள்ளளவு வேண்டும். ஆய்வகம், டீசல் ஜெனரேட்டர், குப்பை சேர்க்கும் முற்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள தண்ணீரை மண்ணுக்குள் இறக்கவே கூடாது. அங்கே கூரை போட்டு மழையை விலக்குவதும், சிந்தியது வெளியேறாமல் அடைக்க ஒரு வால்வு வைப்பதும் நல்லது. குளிர்விப்புக் கோபுரத்தின் கழிவு, மழைநீர்க் குழாயில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

இத்தனையும் பெரிய அறிவியல் இல்லை. வேளை தவறாமல் கேட்க வேண்டிய கேள்விகள், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 5,000 சதுர அடிக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டப்படும் கூட்டாட்சி அரசுக் கட்டடங்கள், கட்டடம் வருவதற்கு முன் அந்த நிலத்தில் நீர் எப்படி நடந்துகொண்டதோ அதையே இயன்றவரை காக்க வேண்டும் என்று விதித்தது. அப்படி ஒரு விதி இருந்தால், மழைநீரைப் பற்றிய பேச்சு முதல் நாளிலேயே தொடங்கிவிடும். விதி இல்லாத இடத்தில் வளாக நிர்வாகம் தானே அதை ஏற்படுத்திக்கொள்ளலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை. கட்டடத்தின் இடமும் தரைமட்டமும் முடிவாகும் முன் முதல் சரிபார்ப்பு நடக்கட்டும். ஒப்பந்தப்புள்ளிக்குப் போகும் முன் இரண்டாவது நடக்கட்டும். பாத்தியின் அடிமண்ணைத் தோண்டிய நாளிலும், கட்டி முடித்தபின் பெய்யும் முதல் பெருமழையிலும் சரிபார்த்தவர்களே நேரில் போய் நிற்கட்டும். அதுவரை ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை நிறுத்திவைக்க ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கட்டும். கல்வி வளாகம் என்பதால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பாத்தியில் தண்ணீர் வடியும் நேரத்தை மாணவர்கள் ஒவ்வொரு மழைக்கும் ஓர் அளவுகோலை நட்டுக் குறித்துவைக்கலாம். எப்போது மேல்மண்ணைச் சுரண்டி மாற்ற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லிவிடும்.

சரிபார்ப்புக் குழுவில் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். முன்சொன்ன அனுபவத்துக்குப் பிறகு, அடுத்து வந்த ஒரு கட்டடத்தின் கூட்டத்துக்கு அந்த வளாகத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளரையும் அழைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் அவர் எதுவும் பேசவில்லை. முடிவில், நிலத்தடி வண்டல் தொட்டியின் மூடியைக் காட்டி, “இதிலிருந்து சேற்றை உறிஞ்ச வண்டி வரணுமே, அது எங்க சார் நிக்கும்?” என்று கேட்டார். வடிவமைத்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மூடியைச் சுற்றி மூன்று பக்கமும் மரங்கள் வரையப்பட்டிருந்தன; நான்காவது பக்கம் படிக்கட்டு. உறிஞ்சும் வண்டியின் குழாய் எட்டும் தொலைவுக்குள் சாலையே இல்லை. தொட்டியைச் சாலையோரத்துக்கு எட்டு மீட்டர் நகர்த்தி, வரைபடத்தை அன்றைக்கே திருத்தினார்கள்.

இப்படிக்கு,
மழைநீர் வடிகால் வரைபடங்களைச் சரிபார்க்கும் ஒரு கட்டடப் பொறியாளர்